முதல் முறையாக எஞ்சின் மாற்றுவதற்கு முன்: பழைய எஞ்சின் ஏன் போனது?

கேள்வி: என்னுடையது பதினைந்து ஆண்டுப் பழைய சிறிய கார். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். சென்ற ஆண்டு நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போனது. ஹெட்டைக் கடைந்து சமப்படுத்தி, புது கேஸ்கட் போட்டு ஓட்டினேன். சில மாதங்களில் மறுபடியும் கொதித்தது. இப்போது எஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. எஞ்சினையே மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். விபத்தில் சிக்கிய அதே மாடல் காரின் எஞ்சின் ஒன்று விலைக்குக் கிடைக்கிறது. பிரேக், ஆயில், பெல்ட் வேலைகளை நானே செய்து பழகியிருக்கிறேன், எஞ்சினை இறக்கியதில்லை. நண்பர் ஒருவர் துணைக்கு வருகிறார். எஞ்சின் தூக்கும் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். இதை நாங்களே செய்துவிட முடியுமா? கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்குவதா, தனியாக இறக்குவதா? இதே நிறுவனத்தின் பெரிய எஞ்சினைப் போட்டுவிடலாம் என்று நண்பர் சொல்வது சரியா? முதல் முறை செய்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

செய்ய முடியும். பிரேக் வேலையையும் பெல்ட் வேலையையும் பொறுமையாகச் செய்து பழகிய ஒருவர், தன் காருக்கான சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பகமான ஒரு துணையோடு, அதே மாடல் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கிரேனைப் பற்றிய வரியோ கியர்பாக்ஸைப் பற்றிய கேள்வியோ அல்ல. ‘மறுபடியும் கொதித்தது’ என்ற இரண்டு சொற்கள். ஒரு முறை கொதித்த எஞ்சினைச் சரிசெய்து ஓட்டியபோது அது மீண்டும் கொதித்திருக்கிறது என்றால், முதல் பழுதுக்கான காரணம் அப்படியே காரில் இருந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. அந்தக் காரணம் எஞ்சினுக்கு வெளியே, ரேடியேட்டரிலோ விசிறியிலோ ஒயரிங்கிலோ இருக்குமானால், நீங்கள் பாடுபட்டு மாட்டப்போகும் எஞ்சினும் அதே வழியில்தான் போகும். முதல் முறை எஞ்சின் மாற்றுபவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான். ஆகவே கிரேனை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே இந்த விசாரணையை முடித்துவிடுங்கள்.

அடியிலிருந்து சத்தம் வருவதால், இனி அந்த எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம். ஓடவிடாமலேயே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. முதலில் விசிறி. அதன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு ரிலே, ஃபியூஸ், வெப்பநிலை சென்சார், அவற்றுக்கு இடையே ஓடும் ஒயர்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய கார்களில் விசிறியின் இணைப்பான் உள்ளே கருகி உருகியிருப்பதை அடிக்கடி காணலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிரித்தால்தான் தெரியும். அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அதைக் கழற்றி, வெப்பமானியுடன் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலைக்கு அருகே, பெரும்பாலும் 82 முதல் 92 டிகிரி செல்சியசுக்குள், அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கவில்லை என்றாலோ, பாதியில் சிக்கி நின்றாலோ, உங்கள் குற்றவாளிகளில் ஒன்று அகப்பட்டுவிட்டது.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடியாகவே நினைக்கிறார்கள். அது ஓர் அழுத்த வால்வு. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னும் ஒரு பார் அழுத்தத்தை அந்த மூடி தாங்கிப் பிடித்தால், வெறும் தண்ணீரின் கொதிநிலையே 100 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். ரேடியேட்டரைப் பொறுத்தவரை, பதினைந்து ஆண்டுப் பழைய காரில், அதுவும் ஒரு முறை கேஸ்கட் போய் ஆயிலும் கூலன்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கக்கூடிய காரில், பழையதைக் கழுவிப் பயன்படுத்துவதை விடப் புதியது போடுவதே என் பரிந்துரை. குழாய்களும் அப்படித்தான். கூலன்ட் குழாய்களுக்குப் பயன்படும் ரப்பர் பெரும்பாலும் ஆயிலைத் தாங்காது. கையால் அழுத்தும்போது ஊறிப்போன தோல் போலக் குழைந்து உள்வாங்கும் குழாயை மறுபடி மாட்டாதீர்கள். காருக்குள் இருக்கும் ஹீட்டரின் உட்பகுதியை இரு திசைகளிலும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அங்கே தங்கியிருக்கும் துருவும் கசடும் புது ரேடியேட்டருக்குத்தான் வந்து சேரும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், முதல் பழுதுபார்ப்பிலேயே ஏதோ விடுபட்டிருக்கலாம். ஹெட்டைச் சமப்படுத்தியவர்கள் பிளாக்கின் மேல்முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டிருக்கலாம். ஒரு முறை முறுக்கியபின் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்டுகளை மறுபடியும் பயன்படுத்தியிருக்கலாம். அப்படியானால் அந்தக் காரணம் பழைய எஞ்சினோடு வெளியே போய்விடும், நீங்களும் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். எப்படியிருந்தாலும், எது காரணம் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயிலை வடித்து, பழைய ஆயில் ஃபில்டரின் உறையை அறுத்துப் பிரித்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுபவை இரும்புத் துகள்கள். ஒட்டாமல் மினுக்குபவை பெரும்பாலும் பேரிங்கின் (சுழலும் தண்டைத் தாங்கும் பகுதி) மேல்பூச்சோ பிஸ்டனின் அலுமினியமோ ஆகும். செம்பு நிறத்தில் துகள்கள் தெரிந்தால் பேரிங் தன் மேல்பூச்சைத் தாண்டி அடி உலோகம் வரை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்படியானால் மெக்கானிக்கின் முடிவு சரிதான். ஆயிலில் துகள்கள் இருந்த எஞ்சினில் ஆயில் கூலர் இருந்தால், அதைப் புது எஞ்சினுக்கு மாற்றாதீர்கள். அதன் குறுகிய வழிகளில் தங்கிய துகள்களை எவ்வளவு கழுவினாலும் முழுமையாக வெளியேற்ற முடியாது. முதல் நாளே அவை புதிய பேரிங்குகளுக்குள் போய்ச் சேரும்.

இனி, வாங்கப்போகும் எஞ்சின். விபத்துக் காரின் எஞ்சின் என்பது கேட்பதற்கு நல்ல செய்திதான். பழுதாகி நின்ற காரின் எஞ்சினை விட, ஓடிக்கொண்டிருந்தபோது விபத்தில் சிக்கிய காரின் எஞ்சின் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விபத்து எந்தப் பக்கம் என்று கேளுங்கள். முன்பக்கம் மோதியிருந்தால் ரேடியேட்டர் உடைந்திருக்கலாம். கூலன்ட் வடிந்த பிறகும் சில நிமிடங்கள் எஞ்சின் ஓடியிருந்தால், உங்கள் எஞ்சினுக்கு வந்த அதே நோய் அதற்கும் வந்திருக்கலாம். பின்பக்க மோதலில் நின்ற கார் என்றால் அந்தக் கவலை குறைவு. மவுண்டிங் போல்ட்டுகள் நுழையும் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் நசுங்கல் இருந்தால் அது வெறும் அழகுக் குறை அல்ல. உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சம்ப்பின் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. நசுங்கிய தகடு அந்த வாயை அடைத்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும்.

விற்பவரின் அனுமதியோடு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருப்பது இயல்பு. கெட்டியான கரிய கசடு, ஆயில் மாற்றாமல் ஓட்டியதற்கான சாட்சி. வெண்ணெய் போன்ற வெளிர்நிறக் குழம்பு, ஈரமோ கூலன்டோ ஆயிலில் கலந்ததற்கான அறிகுறி. குறுகிய தூரம் மட்டுமே ஓடிய காரில் மூடியில் மட்டும் சிறிது தெரியலாம், ஆனால் டிப் ஸ்டிக்கிலும் தெரிந்தால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். மூன்று பிளக்குகள் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போலவும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போயிருக்கலாம். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் புல்லியின் போல்ட்டில் நீண்ட கைப்பிடி கொண்ட சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். நான்கு வீச்சு எஞ்சினுக்கு இரண்டு சுற்றுகளில்தான் ஒரு முழுச் சுழற்சி முடிகிறது. எங்கேயும் உலோகத்தில் உலோகம் இடிப்பது போன்ற தடை இருக்கக் கூடாது. புல்லி ஆடக் கூடாது.

வாய்ப்பிருந்தால் கம்ப்ரெஷன் (பிஸ்டன் அழுத்தும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். அந்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மேனுவல் சொல்லும். நல்ல பெட்ரோல் எஞ்சின்களில் பொதுவாகப் பத்து பாருக்கு மேல் வரும். என்னைப் பொறுத்தவரை, நான்கு சிலிண்டர்களும் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். மூன்றில் 12 பாரும் ஒன்றில் 8 பாரும் காட்டும் எஞ்சினை விட, நான்கிலும் 11 காட்டும் எஞ்சினை நான் தயங்காமல் எடுப்பேன். எஞ்சின் எண்ணையும், விற்பனை ரசீதையும், அந்தக் காரின் ஆவணங்களையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் குறிக்கப்படும் நாடுகளில், மாற்றிய எண்ணைப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டியிருக்கும். திருட்டு வாகனத்தின் எஞ்சின் உங்கள் காருக்குள் இருந்தால், பிறகு யாரும் உங்கள் விளக்கத்தைக் கேட்கமாட்டார்கள்.

நண்பர் சொல்லும் பெரிய எஞ்சினைப் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. முதல் முறை வேண்டாம். மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), எக்ஸாஸ்ட் ஆகியவை பொருந்தினாலும் ஒயரிங்கும் கணினியும் சாவியின் திருட்டுத் தடுப்பு அமைப்பும் ஒத்துவர வேண்டும். பிரேக்கும் சஸ்பென்ஷனும் கூடுதல் எடையையும் வேகத்தையும் தாங்க வேண்டும். சட்டப்படி அனுமதியும் வேண்டும். அதே மாடல் எஞ்சின் என்றால் உங்கள் காரின் கணினியும் சாவியும் அப்படியே இருக்கும். அங்கேகூட, ஒரே மாடலில் ஆண்டு மாறும்போது சென்சார்களின் இணைப்பான்களும், கிராங்க் சென்சார் எண்ணும் பற்சக்கரத்தின் பற்களும் மாறியிருக்கக்கூடும். இரு எஞ்சின்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இணைப்பானையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது கழற்றும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள் என்று சொல்வது வழக்கம். ஆனால் அதற்கும் முன்பு எரிபொருள் குழாயில் நிற்கும் அழுத்தத்தை நீக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்புகளில் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு பார் அழுத்தம் எஞ்சினை நிறுத்திய பிறகும் இருக்கும். பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அது இறங்கிவிடும். அதற்குப் பிறகும் இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டே திறவுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஏசி கம்ப்ரெஸரின் குழாய்களைத் திறக்க வேண்டாம். கம்ப்ரெஸரை மட்டும் எஞ்சினிலிருந்து கழற்றி, குழாய்கள் மடங்காதபடி ஓரமாகக் கட்டி வையுங்கள். அவற்றில் இருக்கும் குளிரூட்டும் வாயுவை வெளியே விடுவது பல நாடுகளில் சட்டவிரோதம், கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகின்றன.

ஒவ்வொரு இணைப்பையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதிய பட்டையை ஒட்டுங்கள், போல்ட்டுகளை அவை கழன்ற இடத்தின் பெயரெழுதிய பைகளில் போடுங்கள். இது உங்கள் முதல் நாள் சோம்பலைச் சோதிக்கும் வேலை. ஒரே தடிமன் கொண்ட இரண்டு போல்ட்டுகளில் ஒன்று சற்று நீளமாக இருந்து, அது குட்டைப் போல்ட்டின் துளைக்குள் முறுக்கப்பட்டால், துளையின் அடியில் இடித்து அலுமினிய உறையைப் பிளந்துவிடும். எக்ஸாஸ்ட் நட்டுகளுக்கு முந்தைய நாள் மாலையே துரு நீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்குவதா என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் காரில் இடம் இருந்தால் சேர்த்தே இறக்குங்கள் என்பதுதான். குறுக்காகப் பொருத்தப்பட்ட எஞ்சினில், குறுகிய இடத்துக்குள் குனிந்துகொண்டு கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பதை விட, வெளியே தரையில் வைத்து நிதானமாகச் சேர்ப்பது முதல் முறை செய்பவருக்கு மிக எளிது. சில கார்களில் இரண்டும் சேர்ந்து மேலே வராது, அடியில் அவற்றைத் தாங்கும் சப்ஃப்ரேம் சட்டத்தோடு கீழேதான் இறங்கும். அதை மேனுவலில் பார்த்துவிட்டுக் கிரேனை முடிவு செய்யுங்கள். சேர்த்து இறக்குவதென்றால் கியர் ஆயிலை முன்பே வடித்துவிட வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் தண்டைப் பிடித்து இழுக்காமல், அதன் உள் இணைப்பைக் கியர்பாக்ஸின் ஓரத்தில் நெம்பி எடுங்கள். இழுத்தால் உள் இணைப்பு பிரிந்து உருளைகள் கழன்றுவிடும். ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீல்களைப் புதிதாகப் போடுங்கள்.

தூக்கும் நேரத்தில் அவசரம் கூடவே கூடாது. கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். இரண்டு டன் என்று விற்கப்படும் கிரேன்கள் பல, கை முழுவதும் நீண்ட நிலையில் அரை டன் மட்டுமே தாங்கும். உங்கள் சிறிய எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுமார் 150 கிலோ இருக்கும் என்பதால் கணக்குக்கு இடமிருக்கிறது, ஆனாலும் எந்த நிலையில் எவ்வளவு என்று கிரேனின் கையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சங்கிலியை உற்பத்தியாளர் வைத்திருக்கும் தூக்கு வளையங்களில் மாட்டுங்கள். வளையம் இல்லாத இடத்தில் போல்ட் போட்டால், 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பொறித்த போல்ட்டை அதன் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கும்படி முறுக்குங்கள். காரைத் தூக்கி நிறுத்த ஜாக்கியை நம்ப வேண்டாம்; ஸ்டாண்டுகளில் நிற்கட்டும். எஞ்சின் தொங்கும்போது உங்கள் உடலின் எந்தப் பகுதியும், கால் விரல் உட்பட, அதன் கீழே இருக்கக் கூடாது. சில அங்குலங்கள் உயர்ந்ததும் நிறுத்தி, எங்காவது ஒரு ஒயரோ குழாயோ கேபிளோ இழுபடுகிறதா என்று இருவரும் சுற்றிவந்து பாருங்கள். எப்போதும் ஒன்று மிச்சமிருக்கும். பெரும்பாலும் அது எஞ்சினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எஞ்சினைக் காரின் உடலோடு மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் பட்டை. வெளியே வந்த பின், கிரேனை நகர்த்துவதற்கு முன் எஞ்சினைத் தரையை ஒட்டி இறக்கிவிடுங்கள்.

புது எஞ்சின் தரையில் இருக்கும் நேரம் மிக மதிப்புள்ளது. காருக்குள் போன பிறகு கை நுழையாத இடங்கள் எல்லாம் இப்போது கண்முன்னே இருக்கின்றன. டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க்கின் இரு முனை ஆயில் சீல்கள், தெர்மோஸ்டாட், கிளட்ச் தட்டுகள், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றை, நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், இப்போதே மாற்றிவிடுங்கள். பின்பக்க ஆயில் சீல் ஒழுகினால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும் என்பதே போதுமான காரணம். டைமிங் பெல்ட்டைப் போட்ட பிறகு கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிக் குறிகள் மறுபடி நேர்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் சில பற்கள் தவறினாலே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

உங்கள் பழைய எஞ்சினிலிருந்து மாற்றும் சென்சார்களில் நாக் சென்சார் ஒன்று இருக்கலாம். அது எஞ்சினின் அதிர்வைக் கேட்கும் காது. அதிகமாக முறுக்கினாலும் குறைவாக முறுக்கினாலும் தவறாகக் கேட்கும். பல எஞ்சின்களில் அதன் முறுக்கு அளவு 20 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு, கிளட்ச் உட்காரும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட்டுகள் எவ்வளவு காரணமோ, இந்தச் சிறிய சென்சாரும் அவ்வளவு காரணம். ஃப்ளைவீல் போல்ட்டுகள் பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு முறைக்கானவை, புதியவை வாங்குங்கள்.

கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் சிறிய பிளாஸ்டிக் தண்டு கிளட்ச் பெட்டியோடு வரும். அதைக் கொண்டு தட்டை மையப்படுத்திவிட்டு, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். தட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பிளாக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய இரண்டு உருளை ஊசிகள் தம் துளைகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய எஞ்சினிலேயே அவை தங்கிவிடுவது உண்டு. அவை இல்லாமல் இணைத்தால் கியர்பாக்ஸின் தண்டு நேர்கோட்டில் நிற்காது, பேரிங்கும் கிளட்ச்சும் சீக்கிரம் போகும்.

இணைக்கும்போது ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளியே, இடைவெளி இல்லாமல், முகத்தோடு முகம் சேர வேண்டும். ஒரு விரல் அகல இடைவெளி மிச்சமிருக்கும்போது, போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அப்படி இழுத்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும், கியர்பாக்ஸின் உறை விரிசல் விடும். சேரவில்லை என்றால் தண்டின் பற்கள் தட்டின் பற்களுக்கு நேராக இல்லை என்று பொருள். கியரை ஏதாவது ஒன்றில் போட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டைச் சிறிது திருப்பிக்கொண்டே தள்ளினால் ‘சட்’டென்று உள்ளே போகும். அதுவரை கியர்பாக்ஸின் எடை அந்தத் தண்டில் தொங்கக் கூடாது. அடியில் மரக்கட்டையோ ஜாக்கியோ தாங்கியிருக்கட்டும்.

உள்ளே இறக்கியபின், மவுண்டிங் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையால் மட்டும் போட்டு, எஞ்சினைச் சற்று ஆட்டி அதன் இயல்பான இடத்தில் உட்காரவிட்டு, பிறகு முறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் மவுண்டிங் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, ஸ்டியரிங் வரை அதிர்வு வரும். நான் மேலே சொன்ன எர்த் பட்டையை மாட்டாமல் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரும் மின்னோட்டம் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சென்சாரின் மெல்லிய எர்த் ஒயர் என்று கிடைத்த வழியில் திரும்பும். கேபிள் சிவக்கச் சூடாகி உறை உருகும். சாவியைத் திருப்பியவருக்கு ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறதே என்பது மட்டுமே தெரியும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை எஞ்சினுக்குள் சுற்றவிட வேண்டும். புது ஃபில்டர், புது ஆயில். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் வகை என்றால் அதிலும் ஆயிலை நிரப்பி மாட்டுங்கள். பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் பொறியையும் துண்டித்துவிட்டு, பத்து நொடிகளுக்கு மேல் போகாமல், இடையில் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றுங்கள். இயந்திர அழுத்தமானி ஒன்றை ஆயில் சுவிட்சின் இடத்தில் மாட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. கூலன்டை நிரப்பும்போது ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்று வெளியேறும் திருகு இருந்தால் அதையும் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். உங்கள் காரின் கதையில், எஞ்சினுக்குள் தங்கும் ஒரு காற்றுக் குமிழ்கூட ஆபத்தானது. அது ஹெட்டின் மேல்பகுதியில் நின்றுவிட்டால், ரேடியேட்டர் நிறைந்திருந்தும் அந்த இடம் மட்டும் வெந்துபோகும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும்; அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். நண்பர் சாவியருகே இருக்கட்டும், நீங்கள் டார்ச் விளக்கோடு எரிபொருள் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இயல்பான வெப்பநிலை வந்து விசிறி தானாகச் சுழன்று, வெப்பம் குறைந்ததும் தானாக நிற்பதை இரண்டு, மூன்று முறையாவது நின்று பாருங்கள். இதைப் பார்க்காமல் சாலைக்கு எடுக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியின் இடத்தில் வைத்து, கூலன்டிலிருந்து எழும் காற்றில் சிலிண்டரில் எரிந்த புகைவாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனைக் கருவி ஒன்று கிடைக்கிறது. திரவம் மஞ்சளாக மாறினால் வாங்கிய எஞ்சினிலும் கேஸ்கட் கசிகிறது. விற்பவர் தந்த உத்தரவாதக் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். முதல் சில நாட்கள் சிறிது குறைவது காற்று வெளியேறியதால் இருக்கலாம், அதன் பிறகும் குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் வாரம் ஊருக்குள்ளேயே, வெப்பநிலை முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய எஞ்சினுக்குச் செய்தது போலவே இந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். அதுவரை பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மாட்டும் நேரத்தில் தேவைப்படும் ஏதோ ஒரு பிராக்கெட்டோ, நீளம் மாறிய போல்ட்டோ, இணைப்பான் பொருந்தாத சென்சாரோ அதில்தான் இருக்கும்.